மேடத்துக்குக் காட்டவில்லை

அவரை எல்லோரும் சட்டுபுட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறைக்குத் தள்ளுவண்டி தள்ளியவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பெயர் அது. ஓய்வு பெற்ற நாளில் வழியனுப்பிப் பேசிய மேலதிகாரியும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாராட்டினார். உண்மைப் பெயர் அந்த அதிகாரிக்கு ஞாபகம் வரவில்லை.

பெயருக்குக் காரணம் இருந்தது. வார்டில் ஒரு உயிர் போனால், தள்ளுவண்டியோடு வந்து நின்று, "சட்டுபுட்டுனு முடிச்சிடலாம் சிஸ்டர்" என்பார். முடித்தும் விடுவார். பக்கத்துக் கட்டில் நோயாளி புரண்டு படுப்பதற்குள் உடம்பு போயிருக்கும், விரிப்பு போயிருக்கும், மெத்தை துடைத்து நிமிர்த்தப்பட்டிருக்கும். அங்கே ஒருவர் நேற்றுவரை இருமிக்கொண்டு கிடந்தார் என்பதற்கு ஒரு தடயம் மிஞ்சாது. செத்தவருக்கு அவசரம் கிடையாது, இருக்கிறவர்களுக்குத்தான் அவசரம் என்பது அவர் கட்சி. அழுது மூச்சு வாங்கும் சொந்தக்காரர்களிடம், "தூங்குற மாதிரிதான் இருக்காரு, கவலைப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். அது லேசான திறமை இல்லை. வார்டில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவர் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றினார், புண்ணைக் கழுவினார், படுக்கையைத் திருப்பிப் போட்டார். குறை சொல்ல முடியாத பணிவிடை. ஒரே மகள் தூரத்து ஊரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஒரு பகலும் ஒரு இரவும் ரயில் ஏறி வர வேண்டும். மனைவி ஒரு காலையில் போனாள். மகள் தகவல் கேட்டு ரயில் ஏறியபோது, "நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்கப்பா" என்றாள். அவர் "சரிம்மா" என்றார். சாயங்காலமே எடுத்துவிட்டார்.

ஏனென்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. அந்த முகத்தைப் பெண் பார்க்கக் கூடாது. நல்லபடியாக இருந்த அம்மாதான் அவள் மனதில் இருக்கட்டும். மறுநாள் காலை மகள் பையோடு வந்து வாசலில் நின்றபோது, வீடு கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. கட்டில் பிரித்துச் சுவரில் சாத்தியிருந்தது.

"எல்லாரும் பாத்தாங்க. என்னைத் தவிர" என்றாள் மகள். அழுததைக்கூட அவர் பார்க்கவில்லை; குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் போலிருக்கிறது.

அதன் பிறகு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"சரி, வெச்சிடறேன்."

கடன் கழிப்பது போல ஒரு பேச்சு. அவருக்கு அது புரியாமல் இல்லை.

மனைவியின் துணிமணிகளை ஒரு வாரத்துக்குள் மூட்டை கட்டிக் கொடுத்தார். செருப்பு, கண்ணாடி, மருந்துப் புட்டிகள், எல்லாம் போயின. அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. டிவியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குளிப்பது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயிற்று, பிறகு அதுவும் குறைந்தது. சர்க்கரை எகிறியது, காலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. சுகாதார நிலையத்து நர்ஸ் அவருக்குப் பழைய பழக்கம். கட்டுப் பிரித்துக் கால் புண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, உங்களுக்கு மருந்து கூட்டிப் பிரயோசனம் இல்ல. காலையில எழுந்திரிக்க ஒரு வேலை வேணும். ஊருக்கு வெளியில குதிரைங்கள வெச்சுக் காப்பாத்துறாங்க, தெரியுமா? சம்பளம் கிடையாது. ஆளு கெடைக்காம தவிக்கிறாங்க."

"எனக்குக் குதிரையைப் பத்தி என்ன தெரியும்?"

"லத்தி அள்ளத் தெரியுமில்ல? அது போதும்."

அப்படித்தான் போனார்.

ஊர் முடிகிற இடத்தில், மூடிக் கிடந்த ஒரு மரக்கிடங்குக்குப் பின்னால் இருந்தது அந்த லாயம். தகரக் கூரை, சிமெண்டுத் தொட்டிகள், கம்பி வேலி. சவாரிக்கு ஓடி இளைத்த குதிரைகள், செங்கல் சூளையில் வண்டி இழுத்துத் தோள் புண்ணானவை, பந்தயத்தில் கால் போனவை, வளர்த்தவர் கைவிட்டு நடுரோட்டில் நின்றவை என்று பதினைந்து இருபது இருக்கும். கூடவே சில கழுதைகள், நாய்கள், மூன்று கால் ஆடு ஒன்று. ஒரு கழுதைக்கு மாமியார் என்று பெயர். யார் எந்த வேலை செய்தாலும் பின்னாலேயே வந்து நின்று பார்க்கும். காரணம் கேட்க வேண்டியதில்லை.

இடத்தை நடத்தியவளை எல்லோரும் லாயத்தக்கா என்றார்கள். முன்பு ஒரு வங்கியில் இருந்தவள். இவரைவிடப் பத்து வயதாவது சின்னவள். இவர் அவளை அக்கா என்பார், அவள் இவரை அண்ணே என்பாள். இருவரும் ஒருவருக்கொருவர் மூத்தவர்கள்.

அந்த மாதிரி இடத்துக்குப் போனால் மனசு லேசாகும் என்று சிலர் சொல்வார்கள். முதல் வாரம் அப்படி எதுவும் ஆகவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. மாமியார் அவர் சட்டைப் பையைக் கடித்துக் கிழித்தது. ஆனால் காலையில் ஆறு மணிக்குப் பல் தேய்த்தாக வேண்டும், வேலை முடிந்ததும் குளித்தாக வேண்டும், பசித்தால் சாப்பிட்டாக வேண்டும். லத்தி அள்ளி, தொட்டி கழுவி, புல் கட்டு சுமந்து வீட்டுக்குப் போனால் டிவி போடத் தோன்றாமல் தூங்கிவிடுவார். இரண்டு மாதத்தில் கால் புண் ஆறியது. நர்ஸ் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "குதிரைக்கு ஃபீஸ் குடுங்கண்ணே" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கு வரும் ஓய்வுபெற்ற டீச்சரும், மாதம் இருமுறை குளம்பு சீவ வரும் லாடக்காரரும் அவருக்குப் பேச்சுத் துணை ஆனார்கள். அங்கே யாரும் அவரிடம் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அது பெரிய சௌகரியம்.

அவர் பொறுப்பில் விடப்பட்டவை இரண்டு குதிரைகள், மேஸ்திரியும் மேடமும்.

மேஸ்திரி சூளையிலிருந்து வந்த கிழட்டு ஆண் குதிரை. அகலமான நெற்றி, பிடரியில் பாதி மயிர் நுகத்தடியில் தேய்ந்து போனது. மேடம் சவாரிப் பள்ளியில் இருந்தவள். கண்ணில் புரை விழுந்து இரண்டும் போனதும், லாயத்து வேலியில் கட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். வந்த புதிதில் எதிலும் மோதிக்கொள்வாளாம். மேஸ்திரிதான் தானாகப் போய் அவள் பக்கத்தில் நின்றதாம். லாயத்தக்கா அதன் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து மணி போகிற பக்கம் மேடம் போவாள். தண்ணீருக்கு, மேய்ச்சலுக்கு, மணலில் புரள, எல்லாவற்றுக்கும். மேஸ்திரி நடக்கும்போது நடுநடுவே நின்று கழுத்தை ஒரு ஆட்டு ஆட்டும்.

"பாத்தீங்களா, ஆள் வருதான்னு கேட்டுக்குது" என்பார் லாடக்காரர். "என் வீட்டுக்காரி ஒரு நாளாவது எனக்கு இப்படி நின்னிருப்பாளா?"

"நீ பின்னால நடந்தாத்தானே அவங்க நிக்கிறதுக்கு" என்பார் சட்டுபுட்டு.

அந்த லாயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜோடியாகப் பழகிய மிருகங்களில் ஒன்று செத்தால், மற்றதைக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். அது முகர்ந்து பார்க்கும், மூக்கால் தள்ளும், சிலது பல்லால் லேசாக இழுத்தும் பார்க்கும். போதும் என்று அதுவாகத் திரும்பிப் போகிற வரை யாரும் உடம்பைத் தொட மாட்டார்கள். ஒரு கழுதை செத்தபோது சட்டுபுட்டு அதைக் கண்ணால் பார்த்திருந்தார். கூட்டாளிக் கழுதை வெகுநேரம் நின்றது, பிறகு போய்ப் புல் தின்றது. 'மனுஷனுக்கு நேரமில்லாத காலத்துல கழுதைக்கு இத்தனை மரியாதை' என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

மேஸ்திரி விழுந்தது வெயில் உச்சியில். தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டடி வைத்தது, முன்னங்கால் மடங்கியது, அவ்வளவுதான். அவர் ஓடிப்போய்க் கழுத்தில் கை வைத்துப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. மேடம் அப்போது முன்பக்கத்தில் மரத்தடியில் கட்டியிருந்தாள். லாடக்காரர் அவள் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். லாயத்தக்கா வேறொரு குதிரை விஷயமாகக் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். போன் அடித்தார், அணைத்து வைத்திருந்தாள்.

பக்கத்து மனையில் காலையிலிருந்தே பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் உடம்பு ஊதிவிடும், ஈ மொய்க்கும். அக்கா வந்து பார்த்தால் உடைந்துபோவாள். லாடக்காரரைக் கூப்பிட்டால் வேலை பாதியில் நிற்கும். முப்பது வருடக் கை தானாக ஓடியது. வேலி ஓரம் போய் டிரைவரைக் கூப்பிட்டார். பின்பக்கம் குழி வெட்டி, இறக்கி, சுண்ணாம்பு கொட்டி, மூடியாயிற்று. கழுத்துமணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தார். முகக்கயிற்றையும் போர்வையையும் பினாயிலில் ஊற வைத்தார். கொட்டில் வைக்கோலை வாரி எரித்தார், தரையைத் தேய்த்துக் கழுவினார். முடிந்து நிமிர்ந்தபோது, நல்ல வேலை பார்த்த திருப்திகூட அவருக்கு இருந்தது.

லாடக்காரர் மேடத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். கொட்டில் வாசலில் அவள் நின்றுவிட்டாள். காதுகள் இரண்டும் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று திரும்பின.

"மேஸ்திரி எங்கே?" என்றார் லாடக்காரர்.

"முடிஞ்சிடுச்சுப்பா. தண்ணி குடிச்சுது, விழுந்துது. எடுத்தாச்சு."

"எடுத்தாச்சுன்னா?"

"புதைச்சாச்சு. பொக்லைன் இருந்துது, நல்லதாப் போச்சு."

லாடக்காரர் கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தார். "இவளுக்குக் காட்டினீங்களா?"

"கண்ணு தெரியாததுக்கு என்னத்தக் காட்டுறது?"

லாடக்காரர் வாயெடுத்தார். அதற்குள் மேடம் கழுத்தை நீட்டிக் கனைத்தாள். நீளமான கனைப்பு, கடைசியில் ஒரு நடுக்கம். கனைத்துவிட்டுக் காதைத் தூக்கிக் காத்திருந்தாள். பிறகு மறுபடி.

சாயங்காலம் லாயத்தக்கா வந்தாள். கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

"அண்ணே, குதிரை கண்ணால மட்டுமா பாக்குது?" என்றாள்.

அவர் பின்பக்கம் பார்த்தார். பிறகு, "குழியைத் திறந்துடலாமா அக்கா? நானே தோண்டறேன்" என்றார்.

"சுண்ணாம்பு போட்டீங்களே."

"போட்டேன்."

"அப்ப வேணாம். அதோட வாசனையே இருக்காது."

மேடம் அன்று புல் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. குதிரை தின்னாமல் இருப்பது மனிதன் பட்டினி கிடப்பது போல அல்ல. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் மறுபடி ஓட வைப்பது கஷ்டம். கால்நடை டாக்டரம்மா வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் கொறைஞ்சிடுச்சு. எப்படியாவது வாயில எதையாவது போட வைங்க. இல்லேன்னா இவளும் போயிடுவா" என்றாள். அதை யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அவருக்கு மட்டும் சொன்னது போலத்தான் இருந்தது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டில் ஓரம் ஒரு பழைய கட்டிலைப் போட்டுக்கொண்டார். கொள்ளு வேகவைத்துக் கொண்டு வந்தார், கேரட் நறுக்கினார், வெல்லம் தடவினார். மேடம் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டாள். அவள் கனைக்கும்போதெல்லாம் அவர் எழுந்து போய்க் கழுத்தைத் தடவி, "ச்சு, ச்சு, போதும்மா, போதும்" என்றார். கொஞ்ச நேரம் நிறுத்துவாள், அவர் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். மேஸ்திரியின் வாசனை ஒட்டிய ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். போர்வையில் பினாயில் நாறியது. எல்லாவற்றையும் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. கழுவி வைத்த மணியை எடுத்து, ஒரு சாதுவான இளம் குதிரையின் கழுத்தில் கட்டினார்.

"இது சரியா வருமாண்ணே?" என்றாள் லாயத்தக்கா.

"சத்தம் அதே சத்தம்தானே அக்கா."

இளம் குதிரையை அவர் நடத்தி வந்தார். மணி கேட்டதும் மேடம் தலையைத் தூக்கினாள். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஓடி வந்தாள், கண் தெரியாதவள், வேலித் தூணில் தோள் இடித்து, அதையும் பொருட்படுத்தாமல் வந்தாள். வந்து இளம் குதிரையின் கழுத்தில் மூக்கை வைத்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு ஒரு கீச்சுக் குரல் எழுப்பி, பின்வாங்கி, மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். கனைப்பதையும் நிறுத்திவிட்டாள்.

அவர் மணியைக் கழற்றி, ஓசை வராமல் அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டு, லாயத்தக்காவிடம் கொடுத்தார். "எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. போன் வந்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"இங்க ஒரு குதிரை சாப்பிட மாட்டேங்குதும்மா" என்றார்.

"என்னது?"

சொன்னார். மேஸ்திரி விழுந்தது, பொக்லைன், பினாயில், எல்லாம். "காட்டியிருக்கணும். நான் காட்டல" என்று முடித்தார். இணைப்பு போய்விட்டது என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அது கூப்பிட்டுக்கிட்டே இருக்கா?" என்றாள் மகள்.

"கூப்பிட்டுது. நான்தான் தடவிக் குடுத்து நிறுத்திக்கிட்டிருந்தேன். இப்ப அதுவும் இல்ல."

"நான் அம்மா நம்பருக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்ப்பா. எடுக்க மாட்டாங்கன்னு தெரியும். ஆனா ரிங் போகும். அந்த ரிங்கைக் கேட்டுட்டு வெச்சிடுவேன். ஒரு நாள் யாரோ ஒரு ஆளு எடுத்து, யாரு வேணும்னாரு. நீங்க நம்பரைத் திருப்பிக் குடுத்துட்டீங்க."

"சும்மா மாசாமாசம் கட்டிக்கிட்டு..."

"தெரியும். வீண்தான்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"குதிரையை நிறுத்தாதீங்கப்பா. கூப்பிடட்டும். தேடணும்னா தேடட்டும். கண்ணு தெரியாதுன்னா நீங்க கூட்டிட்டுப் போங்க." கொஞ்சம் தயங்கினாள். "வர்ற சனிக்கிழமை எனக்கு லீவு இருக்கு. நான் வந்து பாக்கலாமா, அதை?"

"வாம்மா" என்றார்.

அன்று மத்தியானமே மேடத்தின் முகக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். இழுக்கவில்லை. அவள் எங்கே திரும்பினாலும் அங்கே போனார். முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். தொட்டியின் விளிம்பு முழுக்க மூக்கால் தேய்த்துக்கொண்டே சுற்றி வந்தாள், கனைத்தாள், காதைத் தூக்கிக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புத்தான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. வாழ்நாளில் யாருக்காகவும் எதற்காகவும் அப்படிச் சும்மா நின்றவர் இல்லை. கயிற்றைச் சுண்டிவிடக் கை பரபரத்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு மணல் குழி. பிறகு வேலி ஓரம், அந்த இருவரும் வெயிலுக்கு ஒதுங்கும் சுவர் நிழல். ஒவ்வொரு இடத்திலும் முகர்தல், கூப்பிடுதல், காத்திருத்தல். பின்பக்கம் புதுமண் மேட்டுக்கு வந்தபோதும் அதே போல நின்றாள், முகர்ந்தாள், சுண்ணாம்பு வாடையில் தும்மினாள், அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். அங்கேதான் இருக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

காலையிலும் மாலையிலும் சுற்றினார்கள். அவர் செய்ய வேண்டிய வேலைகளை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். டீச்சர் ஞாயிறு மட்டும் வருகிறவள், தினமும் வந்து தொட்டி கழுவினாள். லாடக்காரர் தன் வேலை இல்லாத நாளிலும் வந்து புல் கட்டு இறக்கினார். "உங்களுக்கும் சேத்துத்தான் கொண்டாந்திருக்கேன், ரெண்டு பேர்ல ஒருத்தராவது சாப்பிடுங்க" என்று சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் திணித்தார். வீட்டில் தனியாக இருந்தபோது இதே மாதிரி ஒரு துக்கத்தை அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் பட்டார். இங்கே கதவே கிடையாது. சாத்த விடவும் மாட்டார்கள். பின்னாலேயே மாமியார் வேறு நடந்தது.

மூன்றாம் நாள் வேலி ஓரத்தில், நடக்கிற வாக்கில், மேடம் குனிந்து ஒரு வாய் பச்சைப்புல் பிடுங்கினாள். அவர் கயிற்றைத் தளர்த்தினார். மென்றாள். இன்னொரு வாய். மறுநாள் வயிறு நிறையத் தண்ணீரும் குடித்தாள். லாயத்தக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாய் புல்லுக்கு இப்படி அழற ஆளு நான் ஒருத்திதான்" என்றாள். அவர் அன்று மகளுக்கு ஞாயிறு வரை காத்திராமல் போன் போட்டார். "ரெண்டு வாய் தின்னுதும்மா." அவளும் சிரித்தது போல இருந்தது.

ஆனால் தாமதமாகிவிட்டது. வயதான உடம்பு, தேய்ந்த பல், நாட்கணக்கில் காய்ந்து கிடந்த குடல். வியாழக்கிழமை காலை மேடம் திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே முகர்ந்தாள். பிறகு தரையில் விழுந்து புரண்டாள். உடம்பு முழுக்க வியர்த்துக் கொட்டியது. டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டாள், ஊசி போட்டாள், மத்தியானம் வரை பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "குடல் முறுக்கிடுச்சு. இந்த வயசுக்கு அறுக்க முடியாது. வலி இனிமே கூடத்தான் செய்யும். ஊசி போட்டு அனுப்பிடலாம்."

லாயத்தக்கா அவரைப் பார்த்தாள். அவர் தள்ளிப்போய் மகளுக்குப் போன் போட்டார்.

"சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்க முடியாதும்மா. ரொம்ப வலிக்குது அதுக்கு. நீ வரணும்னு அதைக் கஷ்டப்படுத்துறது நியாயமில்ல."

"வேணாம்ப்பா. போடச் சொல்லுங்க."

"ஊசி போட்டுடுவாங்க. ஆனா மூட மாட்டோம். நீ வா. எப்ப வந்தாலும் சரி."

அவள் அங்கே யாரிடமோ லீவு சொல்வது கேட்டது. அப்புறம், "இப்பவே ரயிலுக்குக் கெளம்பறேன்" என்றாள்.

ஊசி போடும்போது அவர்தான் மேடத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். போன பிறகும் உடனே எழுந்திருக்கவில்லை. லாயத்துக் குதிரைகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வந்தார்கள். சில முகர்ந்தன, சில சும்மா நின்றன. கடைசியில் வந்த மாமியார் வெகுநேரம் போகவில்லை.

உடம்பைக் கெடாமல் வைப்பது அவருக்குத் தெரிந்த வேலை. இத்தனை வருடம் அதை வேகத்துக்காகச் செய்தார், இப்போது காத்திருப்பதற்காகச் செய்தார். நிழலுக்குத் தார்ப்பாய் கட்டினார். ஈரச் சாக்குகளைப் போர்த்தினார். லாடக்காரர் மீன் சந்தைக்குப் போய் ஐஸ் கட்டிகள் ஏற்றி வந்தார். வயிற்றைச் சுற்றி அடுக்கி, உருகினதும் மாற்றி, ஈ விரட்டி, பக்கத்திலேயே இருந்தார். பொக்லைன் டிரைவர் குழி வெட்டிவிட்டு வேலி ஓரம் வந்து நின்றான்.

"அண்ணே, எனக்கு அடுத்த சைட்டுக்குப் போகணும். அன்னிக்கு எவ்வளவு வேகமா முடிச்சோம்."

"அன்னிக்கு முடிச்சது போதும். போயிட்டு நாளைக்கு வா. இல்ல, மறுநாள் வா."

"நாத்தம் வரும்ண்ணே."

"வரட்டும்."

மகள் வந்தது மறுநாள் சாயங்காலம். கலைந்த தலை, தோளில் பை, ரயில் புழுதி. குதிரையை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. வாசனை வரத்தான் செய்தது, மூக்கைப் பொத்தவில்லை. அவர் சாக்கை விலக்கினார். அவள் குனிந்து நெற்றியைத் தொட்டாள். பிறகு வெள்ளையாகப் புரை விழுந்த கண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். லாயத்தக்காவும் லாடக்காரரும் ஏதோ வேலை இருப்பது போல முன்பக்கம் போய்விட்டார்கள்.

விரலை எடுக்காமலே அவள் கேட்டாள். "அம்மா எப்படி இருந்தாங்க?"

அவர் வாயில் அந்த வார்த்தை தயாராக இருந்தது. ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை. மனைவியைப் பற்றிக் கேட்ட எல்லோருக்கும் சொன்னதும் அதுதான்.

"தூங்குற மாதிரி இல்லம்மா" என்றார்.

மகள் நிமிர்ந்தாள்.

"வாய் மூடல. துணி வெச்சுக் கட்டினேன், அப்பவும் மூடல. ஒரு கண்ணு பாதி தெறந்திருந்துச்சு. கன்னம் ரெண்டும் உள்ள போயி, பல்லுதான் பெருசாத் தெரிஞ்சுது. எனக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியல. கழுத்துல அந்தப் புண்ணு... நான் கழுவினேன். வாடை போகல."

"ம்."

"தூக்கினப்ப கனமே இல்ல. நான் ஒருத்தனே தூக்கினேன். நீ நாலாவது படிக்கும்போது உன்னைத் தூக்கின மாதிரிதான் இருந்துச்சு. தலை மட்டும் நல்லா வாரி விட்டேன். முடி கொட்டிப் போயிருந்தாலும், இருந்ததை வாரினேன். கை மாறல. கை அப்படியே உங்கம்மா கைதான். மோதிரம் தானா கழண்டு வந்துச்சு."

அவள் அழுதாள். அழுதுகொண்டே, "அப்புறம்?" என்றாள்.

அவர் சொன்னார். கடைசி மூச்சு எப்படி வந்தது, அதற்கு முந்தின நாள் மகள் பெயரைச் சொல்ல வாயெடுத்துக் காற்று மட்டும் வந்தது, எந்தத் துணி உடுத்தினார், எந்தப் பக்கம் தலை வைத்தார். எதையும் துடைத்து வைக்கவில்லை. இரண்டு வருடமாக அவரும் அந்த முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

வேலிக்கு வெளியே பொக்லைன் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான். என்ன நினைத்தானோ, இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான்.

"மூடச் சொல்லட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம்ப்பா" என்றாள் மகள்.

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள்.